ஒரு படி பின்னால்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வழக்கு கண்டிப்பாக எழும்: இரண்டு வகை மந்திரம் கற்ற பாத்திரம் பலசாலியா, நோஞ்சானா? கட்சி பிரிந்து விடிய விடியப் பேசுவார்கள். ஒரு கட்சி கணக்குப் போட்டு அவன் எதற்கும் உதவாதவன் என்று நிறுவும். இன்னொரு கட்சி வேறொரு கணக்குப் போட்டு, அவன் ஒருவனே போதும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று நிறுவும். 2005இலிருந்து புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மேசையில் நான் டிஎம்மாக, அதாவது கதையை நடத்துகிறவனாக, உட்கார்ந்து வருகிறேன். இரண்டு கணக்கும் பலித்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கட்சியும் அந்தப் பாத்திரத்தைத் தனியே எடுத்துத் தராசில் வைக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவரையும் சேர்த்து நிறுத்தால்தான் எடை தெரியும் என்பது என் அனுபவம்.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்டது இது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருளும். வெல்ல வெல்லப் பாத்திரத்தின் லெவல் ஏறும். இதில் மந்திரத்துக்கு வரம்பு உண்டு. ஜாக் வான்ஸ் எழுதிய 'தி டையிங் எர்த்' 1950இல் வந்த நூல். அதன் மந்திரவாதிகள் காலையில் சில மந்திரங்களை மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள், சொன்னதும் அது மனத்திலிருந்து அழிந்துவிடும். அந்த ஏற்பாட்டைத்தான் கைகாக்ஸ் எடுத்துக்கொண்டார். ஆக, மந்திரவாதியின் கையிருப்பு ஒரு நாளைக்கு இவ்வளவுதான். அந்தக் கையிருப்பை ஸ்லாட் என்போம். மந்திரங்களுக்கும் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று படிகள் உண்டு. விசார்ட் படித்துக் கற்பவர், நெருப்பும் மாயையும் அவர் வழி. கிளெரிக் தெய்வத்திடம் பெறுபவர், காயம் ஆற்றுவதும் காப்பதும் அவர் வேலை. இரண்டையும் ஒரே ஆள் கற்றால் என்ன ஆகும் என்பதுதான் வழக்கு.

எங்கள் மேசை, மலையடிவாரத்துத் தாமான் ஒன்றில் என் வீட்டு மாடியில் இருந்தது. சனிக்கிழமை இரவு கூடுவோம். ஜூலை மாதக் கடைசியில் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழா வந்தால் கூட்டம் சாலையை அடைத்துவிடும், அந்த வாரம் ஆட்டம் கிடையாது. புத்தகம் வாங்கக் காசில்லாத காலம். விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அடிப்படை விதிகளை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாக வெளியிட்டிருந்தது. அதில் 3.5ஆம் பதிப்பின் விதிகளை சைபர் கஃபேயில் அச்செடுத்து, ஓரத்தைத் தைத்து வைத்திருந்தோம். அந்தக் கட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

கதைக்களத்தை மட்டும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. அந்த ஆலய வளாகத்திலேயே செரோக் தோக் குன் கல்வெட்டு இருக்கிறது. 1845இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டு பதிவு செய்தது. பழைய இந்திய எழுத்துகள், தேய்ந்து போனவை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அப்படியொரு கல் நிற்கும்போது டிராகனுக்காக ஐரோப்பாவுக்குப் போவானேன்? என் கதை கடாரத்தில் நடந்தது. ராஜேந்திர சோழனின் கப்பல்கள் 1025இல் வருவதற்குச் சற்று முன், விகாரைகளும் சிவன் கோயில்களும் அடுத்தடுத்து நின்ற துறைமுகக் காலம். என் பெரியம்மா மகள் ஆடிய கிளெரிக், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையிலிருந்து கப்பலேறி வந்த பிக்குணி. பெயர் தாரை. சீன நண்பன் ஒருவன் விசார்ட். போகர் சித்தர் சீனத்துக்குப் போன கதையை அவனுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த இடத்திலேயே தன் பாத்திரத்துக்குப் போகன் என்று பெயர் வைத்தான். மலாய்க்கார நண்பன் ஆடிய ஃபைட்டர் பாங்லிமா. இன்னும் இருவர் வருவார்கள், போவார்கள், பிறை தொழிற்சாலைகளின் ஷிப்ட் எப்படி விழுகிறதோ அப்படி.

மூன்றாம் லெவலில் இருந்தபோது, தாரை ஆடிய அக்காவுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. காயம் ஆற்ற ஆளில்லை. புது ஆள் தேடினோம், கிடைக்கவில்லை. ஒருநாள் மாமாக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது போகன் ஆடிய நண்பன் சொன்னான்: "அக்காவின் வேலையையும் நான் எடுத்துக்கொள்கிறேன்." பலம் கூடும் என்று எண்ணி அவன் அதைக் கேட்கவில்லை. ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்று கேட்டான். இரண்டு தொழில் எடுக்கிறவன் எல்லாம் பேராசைக்காரன் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தவர்களில் பலர் ஒரு காலி இடத்தை நிரப்பத்தான் அந்தப் பாதையில் இறங்கினார்கள்.

3.5ஆம் பதிப்பின் விதிப்படி, ஏறும் ஒவ்வொரு லெவலையும் எந்தத் தொழிலில் வேண்டுமானாலும் போடலாம். போகன் அடுத்த மூன்று லெவலையும் கிளெரிக்கில் போட்டான். ஆறாம் லெவலில் அவன் விசார்ட் 3, கிளெரிக் 3. அதே ஆறாம் லெவலில் தனி விசார்ட் ஃபயர்பால் எறிவார்: ஆறு ஆறுமுகப் பகடை, வட்டத்துக்குள் நிற்கும் அத்தனை பேருக்கும். போகனிடம் இருந்ததில் பெரிய அடி ஸ்கார்ச்சிங் ரே: நான்கு பகடை, ஒருவனுக்கு மட்டும். மந்திரங்களின் எண்ணிக்கை ஏராளம், எல்லாம் சின்னது. ஒரு சுற்றில் ஒரு மந்திரம்தான் சொல்ல முடியும் என்பதால் எண்ணிக்கையால் சண்டையில் பெரிய பயனில்லை. கிளெரிக்கின் இரும்புக் கவசத்தையும் போட முடியாது. முழுக் கவசத்துக்குள் நின்று விசார்ட் மந்திரம் சொன்னால் 35 விழுக்காடு தவறிப்போகும் என்பது அந்தப் பதிப்பின் விதி. விசார்டுக்கு அறிவு வேண்டும், கிளெரிக்குக்கு ஞானம் வேண்டும். பாத்திரத்தின் நல்ல எண்களை இரண்டாகப் பங்கு போட்டாக வேண்டும்.

என் அப்பா கீழே டிவி பார்த்துக்கொண்டிருப்பார், எங்கள் சத்தம் எல்லாம் அவருக்குக் கேட்கும். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்னு சும்மாவா சொன்னாங்க?" என்று ஒருநாள் மாடிப்படியில் நின்று கேட்டார். நண்பனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் தலையாட்டினான், ஆனால் கிளெரிக்கை விடவில்லை.

இந்த இளைப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது மிகவும் யோசித்தேன். ஏனென்றால் நாங்கள் எல்லாரும் சிறுவயதில் பால்டர்ஸ் கேட் 2 கணினி விளையாட்டு ஆடியவர்கள். அதில் ஏரி என்ற பெண், கிளெரிக்கும் மந்திரவாதியுமாக வருவாள். அவள் நோஞ்சானே இல்லை. அந்த விளையாட்டு இதற்கு முந்தைய பதிப்பின் விதிகளில் ஓடுவது. பழைய விதிநூலைத் தேடி எடுத்துக் கணக்குப் பார்த்தபோது விடை கிடைத்தது, அந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. பழைய பதிப்பில் இரு தொழில்காரர் அனுபவப் புள்ளிகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார். ஆனால் லெவல் ஏறத் தேவையான புள்ளிகள் ஆரம்பப் படிகளில் ஏறக்குறைய இரட்டிப்பாகிக்கொண்டே போகும். மந்திரவாதிக்கு நான்காம் லெவல் 10,000, ஐந்தாம் லெவல் 20,000, ஆறாம் லெவல் 40,000, ஏழாம் லெவல் 60,000. இப்போது 80,000 புள்ளி சேர்த்த இருவரைப் பாருங்கள். தனி மந்திரவாதி ஏழாம் லெவல். பாதி பாதியாகப் பிரித்தவர் 40,000 வைத்து மந்திரவாதி 6, மீதி 40,000 வைத்து கிளெரிக்கிலும் 6. பாதியைக் கொடுத்துவிட்டும் ஒரே ஒரு படிதான் பின்னால்!

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்த ஏணியை மாற்றியது. அடுத்த லெவலுக்கு இன்னும் ஆயிரம் கூடுதல், அதற்கடுத்ததற்கு மேலும் ஆயிரம் என்று சீராக ஏறும், எல்லாத் தொழிலுக்கும் ஒரே விலை. பத்தாம் லெவலுக்கு 45,000. இதில் பத்து லெவலைப் பிரித்தால் ஐந்தும் ஐந்தும்தான். இரட்டிப்பு ஏணியில் பாதிப் புள்ளி என்பது ஒரு படி, சீரான ஏணியில் பாதி என்பது பாதியேதான். மந்திரத்தின் பலமோ லெவலோடு சேர்ந்து கூர்மையாக ஏறுவது. ஆக, இரு மந்திரம் கற்றவனை ஒடுக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, ஏணியின் சாய்வு மாறியதில் அவன் அடிபட்டான்.

வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. 2003இல் வந்த 3.5ஆம் பதிப்பின் டிஎம் கையேட்டில் மிஸ்டிக் தியர்ஜ் என்ற தொழிலைச் சேர்த்தார்கள். இரு வகை மந்திரத்திலும் இரண்டாம் நிலை மந்திரங்களை எட்டியவர் அதில் நுழையலாம். அதன்பின் ஏறும் ஒவ்வொரு லெவலும் இரு பக்கமும் ஏறும். எங்கள் அச்சுக் கட்டிலும் அந்தப் பக்கம் இருந்தது. போகன் ஏழாம் லெவலில் அதில் கால் வைத்தான். அதிலிருந்து அவனுடைய பின்னடைவு மூன்று லெவலோடு நின்றது. பத்தாம் லெவலில் தனி விசார்ட் ஐந்தாம் நிலை மந்திரம் சொல்வார். போகன் நான்காம் நிலை, ஆனால் இரண்டு பட்டியலிலும். அவன் முகத்தில் தெளிச்சி வந்தது. நாலாம் லெவலிலிருந்து ஆறாம் லெவல் வரை அவன் பட்ட பஞ்சத்தைப் புத்தகத்துக் கணக்குப் பார்க்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். பதினாறாம் லெவலில் எல்லாம் சரியாகிவிடும் என்பது, அதற்கு முன்பே கலைந்துபோகும் மேசைகளுக்கு எந்த ஆறுதலும் தராது.

பன்னிரண்டாம் லெவலில் இருந்தபோது ஒரு தீபாவளிக்கு அக்கா விடுமுறையில் வந்தாள். தாரையை அதே லெவலுக்கு ஏற்றி மேசையில் சேர்த்தோம். முதல் ஒரு மணி நேரம் நான் எதிர்பார்த்திராத காட்சி ஒன்று நடந்தது. சண்டைக்கு முன் பாங்லிமாவுக்குக் காப்பு மந்திரம்: போகன் ஏற்கெனவே போட்டிருந்தான். காயம்: போகன் ஆற்றினான். விஷம்: போகன் இறக்கினான். அவன் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை, இத்தனை காலமும் அவன் செய்துவந்த வேலை அது. அக்கா கையில் இருபதுமுகப் பகடையை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "ஏன்டா, வேடிக்கை பாக்குறதுக்கா நான் ராத்திரி முழுக்க பஸ்ல வந்தேன்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மாடியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு துறைமுகத்துச் சண்டை. பாங்லிமா தரையில் விழும் நிலை. போகன் தன்னிடம் இருந்த நல்ல மருந்தான கியூர் கிரிட்டிக்கல் வூண்ட்ஸைச் சொன்னான். நான்கு எட்டுமுகப் பகடையும் ஒன்பதும், சராசரியாக 27 புள்ளி. எதிரியின் அடுத்த அடி அதைவிடப் பெரியது. அப்போது அக்கா தாள்களைப் புரட்டி, "ஹீல் எனக்கு இருக்குல்ல?" என்று கேட்டாள். இருந்தது. ஹீல் ஆறாம் நிலை மந்திரம். கிளெரிக் பதினோராம் லெவலில் கிடைப்பது. பன்னிரண்டாம் லெவல் கிளெரிக் சொன்னால் 120 புள்ளி. மூன்று லெவல் பின்னால் நின்ற போகனின் கிளெரிக் பக்கம் ஒன்பதைத் தாண்டாது, ஐந்தாம் நிலையோடு சரி. பாங்லிமா எழுந்து நின்றார். மலாய்க்கார நண்பன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில்தான் விதி புரிந்தது. அந்த மூன்று லெவல் பின்னடைவை அதுவரை போகன் கட்டும் அபராதமாக நினைத்திருந்தேன். அது தனியாக ஒரே தொழிலைப் பிடித்து நிற்கிறவருக்காக ஒதுக்கி வைத்த இடம். இரு மந்திரக்காரன் அகலமாகப் போகட்டும், எல்லாவற்றிலும் கை வைக்கட்டும். ஆனால் உச்சிப் படி ஒன்று எப்போதும் அவனுக்கு எட்டாததாக இருக்க வேண்டும். அந்தப் படியில் இன்னொருவர் நின்றுகொண்டிருக்கிறார்.

அன்று இரவே போகன் தானாக ஓர் ஏற்பாடு சொன்னான். அக்கா மேசையில் இருக்கும் நாட்களில் அவனுடைய கிளெரிக் பட்டியலில் மருந்து இருக்காது. வழி காட்டுவது, மொழி அறிவது, இறந்தவரிடம் பேசுவது, இவைதான். விதிநூலில் இல்லாத அந்த ஒப்பந்தத்தை இன்றுவரை கடைப்பிடிக்கிறோம்.

2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. இந்தப் பிரச்சினையை அது கையாண்ட விதம் கெட்டிக்காரத்தனமானது. ஸ்லாட் எல்லாம் ஒரே பானைக்குள். விசார்ட், கிளெரிக் போன்ற முழு மந்திரக்காரர்களின் லெவலை அப்படியே கூட்டு, ஆயுதத்தோடு கொஞ்சம் மந்திரமும் கற்ற பாலடின், ரேஞ்சர் லெவலில் பாதியைக் கூட்டு, மொத்தத்துக்கு ஏற்ற ஸ்லாட். ஆனால் எந்த மந்திரம் தெரியும் என்பதை அந்தந்தத் தொழிலின் லெவல் தனித்தனியே முடிவு செய்யும். விசார்ட் 5, கிளெரிக் 5 என்றால் ஐந்தாம் நிலை ஸ்லாட் இருக்கும், தெரிந்ததோ மூன்றாம் நிலை மந்திரம் வரைதான். ஃபயர்பாலை ஐந்தாம் நிலை ஸ்லாட்டில் எறிந்தால் எட்டுப் பகடை பத்தாகும். பஞ்சம் போயிற்று, உச்சிப் படியும் தனிக்காரருக்கே இருக்கிறது. சரிபாதியாகப் பிரிப்பவருக்கு இது நல்ல தீர்ப்பு என்றே சொல்வேன்.

ஆனால் சரிபாதியாகப் பிரிப்பவர்கள் குறைந்துபோனார்கள். ஒரு லெவல், இரண்டு லெவல் மட்டும் தொட்டுக்கொள்கிறவர்கள் வந்தார்கள். விசார்ட் ஒருவர் கிளெரிக்கில் ஒரே ஒரு லெவல் எடுத்தால் கவசமும் கேடயமும் வந்துவிடும். பழைய 35 விழுக்காடு தவறுதல் இந்தப் பதிப்பில் இல்லை. ஸ்லாட்டும் குறையாது. ஒரே ஒரு லெவல் தாமதம்தான் விலை. இன்னும் பெரிய சோதனை என் சித்தி மகன் கொண்டுவந்த பாலடின் 2, பிறவியிலேயே மந்திரம் வாய்த்த சார்சரர் 6. தனி பாலடின் எட்டாம் லெவலில் ஏழு ஸ்லாட், அதுவும் இரண்டாம் நிலை வரைதான். இவனுக்குப் பதினொன்று, நான்காம் நிலை வரை. வாள் பட்ட பிறகு அந்த ஸ்லாட்டைக் கொட்டி டிவைன் ஸ்மைட் போடலாம். நான்காம் நிலைக்கு ஐந்து எட்டுமுகப் பகடை. இரண்டும் கவர்ச்சி என்ற ஒரே எண்ணில் ஓடும் தொழில்கள், அதனால் போகன் பட்ட இரட்டைச் செலவும் இல்லை. இரண்டாவது வெட்டு, கூட்டாளிகளைக் காக்கும் ஒளிவட்டம் என்று தனி பாலடினுக்குக் கிடைப்பவற்றை அவன் இழந்தான், உண்மைதான். மேசையில் அது தெரியவில்லை. இரண்டே சுற்றில் எதிரியை முடித்தான். மலாய்க்கார நண்பன் மறுபடி ஃபைட்டர்தான். தன் அடுத்த முறை வருவதற்குள் சண்டை முடிந்து, அவன் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தான். டிஎம் நாற்காலியில் இருந்து அதைப் பார்ப்பது எனக்கு மிகவும் வலித்தது.

தம்பியின் பாத்திரத்தை வெட்டச் சொன்னவர்கள் உண்டு. நான் வேறு இடத்தைப் பார்த்தேன். அந்தப் பதிப்பின் கையேடு, ஒரு சாகச நாளில் நடுத்தரமோ கடினமோ ஆன சண்டைகள் ஆறிலிருந்து எட்டு வரை நடக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டது. ஷிப்ட் முடிந்து வந்து நடுநிசிக்குள் கலைகிற எங்களுக்கு ஒரு இரவில் இரண்டு சண்டைதான் நடக்கும். சண்டை முடிந்ததும் பாத்திரங்கள் தூங்கிவிடுவார்கள், மந்திரக்காரனின் பானை நிறைந்துவிடும். ஃபைட்டருக்கோ சின்ன ஓய்விலேயே பலம் திரும்பும், எட்டுச் சண்டை நடக்கும் நாளில்தான் அந்த வரம் தெரியும். அதே கையேட்டில் ஒரு மாற்று விதி உண்டு: ஓர் இரவுத் தூக்கம் சின்ன ஓய்வு, பெரிய ஓய்வுக்கு ஏழு நாள். அதை எங்கள் மேசையில் கொண்டுவந்தேன்.

"அண்ணே, என் ஸ்லாட்ட கொறைக்காதீங்க" என்றான் தம்பி.

"ஒண்ணுகூடக் கொறையலடா. ஒரு நாளுக்கு வச்சிருந்ததை ஒரு வாரத்துக்கு வச்சுக்கோ."

சில சனிக்கிழமைகளில் மேசை மாறியது. தம்பி ஒவ்வொரு ஸ்மைட்டுக்கும் முன்னால் யோசித்தான். ஃபைட்டர் முதல் ஆளாக வாசலில் நின்றார். இரு தொழில்காரரின் பலம் அவருடைய தாளில் மட்டும் எழுதியிருப்பதில்லை, தூங்குவதற்கு எத்தனை தூரம் நடக்க வேண்டும் என்பதிலும் இருக்கிறது. ஒப்பந்தத்தால் மந்திரம் பெறும் வார்லாக்கையும் சார்சரரையும் சேர்த்துத் தூங்காமலே ஸ்லாட்டைச் சேமித்துக்கொண்டே போகும் தந்திரம் ஒன்று உலகமெங்கும் பேசப்பட்டது. அதன் வேரும் ஓய்வு விதியில்தான். 2017இல் வந்த சானதர் கையேட்டில், பெரிய ஓய்வு எடுக்காத உடல் சோர்ந்துபோகும் என்று விதி சேர்த்தார்கள். சரியான இடத்தில் கை வைத்தார்கள்.

2024இல் திருத்திய விதிகள் வந்தபோது ஸ்மைட்டே ஒரு மந்திரமாகி, ஒரு முறைக்கு ஒன்றுதான் என்றாகிவிட்டது. தொழிலின் உட்பிரிவு எல்லாருக்கும் மூன்றாம் லெவலில்தான் கிடைக்கிறது, அதனால் ஒரு லெவல் தொட்டுக்கொள்வதில் பழைய அளவு லாபம் இல்லை. நல்ல மாற்றங்கள்தான். ஆயினும் புத்தகத்தில் இல்லாத எங்கள் விதியை நான் விடவில்லை: இரண்டாம் தொழில் எடுக்க விரும்புகிறவர், அதனால் தனக்கு என்னென்ன கிடைக்கும் என்று மேசையில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அந்த வேலையை ஏற்கெனவே செய்கிறவர் சரி என்று சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டு புதிதாக வந்த பெண், பாட்டால் மந்திரம் செய்யும் பார்ட் ஆடுகிறாள், வார்லாக்கில் இரண்டு லெவல் கேட்டாள். படித்துக் காட்டினாள். வார்லாக்கின் தாக்கு மந்திரமான எல்ட்ரிச் பிளாஸ்ட் தொழிலின் லெவலைப் பார்க்காது, பாத்திரத்தின் மொத்த லெவலோடு வளரும், ஆக இரண்டே லெவலில் முழு வில்லாளியின் வேலை கைக்கு வந்துவிடும். எங்கள் மேசையில் இப்போது வில்லாளி யாருமில்லை. அக்கா ஜொகூர் பாருவிலிருந்து மடிக்கணினித் திரையில் இருந்தாள், கிளெரிக்காகவே. "மருந்து எத்தனை வச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டாள். ஹீலிங் வேர்ட் ஒன்றுதான் என்றாள் அந்தப் பெண். அக்கா சரி என்றாள். ஃபைட்டரும் சரி என்றான். மூன்றாவது லெவலும் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருக்கிறாள், சனிக்கிழமை படித்துக் காட்டுவாள்.